குட்டைப் பாசியும் சுவர்ப் பாசியும்

சென்னையில் பாசி குறைந்துவிட்டதா, கூடிவிட்டதா என்று கேட்டால், ஆள் மாறிவிட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் பெரும்பாலான பாசிகள் மழையோடு வந்து வெயிலோடு போயின. ஐப்பசியில் குட்டை நிறையும்போது எழும். குட்டை வற்றும்போது மண்ணுக்குள் ஒடுங்கும். இன்று வருடம் பூராவும் குடியிருக்கும் பாசிகள்தான் கண்ணில் படுகின்றன. கூவத்திலும் மூடாத வடிகாலிலும் ஏ.சி. தண்ணீர் சொட்டும் சுவரிலும் அவை செழிக்கின்றன.

பழைய நிலையை நாம் அறிவது ஒரு பெரிய ஆசிரியரின் உழைப்பால். எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) சென்னை மாநிலக் கல்லூரியிலும், பிறகு பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திலும் பணியாற்றியவர். இந்தியப் பாசியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். மற்றவர்கள் செருப்பை நனைக்காமல் தாண்டிப் போகும் மழைக்குட்டைதான் அவருக்கு முக்கியமான களம். தென்னிந்தியாவின் வால்வாக்ஸ் இனங்களையும் அவற்றின் உறவுகளையும் பற்றி 1933இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

வால்வாக்ஸை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தெளிந்த குட்டைத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் மொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், குண்டூசித் தலையைவிடச் சின்னதாகப் பச்சைப் புள்ளிகள் மெல்ல உருண்டபடி வெளிச்சத்தை நோக்கி நகரும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஓர் உருண்டை. அதன் மேற்பரப்பில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் செல்கள். ஒவ்வொரு செல்லும் இரண்டு கசையிழைகளை அடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஒத்து அடிப்பதால் உருண்டை சுழலும். உள்ளே அடுத்த தலைமுறைக் குட்டி உருண்டைகள், தாய் உடைந்து வெளியேற விடும் நேரத்துக்காகக் காத்திருக்கும்.

ஐயங்கார் 1932இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஃபிரிட்சியெல்லா ட்யூபரோசா இன்னும் விசேஷமானது. வற்றும் மழைக்குட்டையின் ஈர வண்டலில் வளரும் பாசி அது. ஒரு பகுதி மண்ணுக்குள் படர்ந்து வேரிழை விடும்; இன்னொரு பகுதி மேலே கொத்தாக நிமிரும். மண் காய்ந்ததும் மேற்பகுதி போய்விடும். உணவைச் சேமித்து வைத்த அடிப்பகுதிச் செல்கள் கிழங்குபோலக் கிடந்து அடுத்த மழைக்குத் தழைக்கும். நீரில் வாழ்ந்த பாசி எப்படி நிலத்துக்கு ஏறியிருக்கும் என்ற கேள்விக்கு இது ஒரு சாட்சி என்று அந்தக் காலத் தாவரவியலாளர்கள் பரவசப்பட்டார்கள். நிலத் தாவரங்கள் வேறொரு பாசிக் கிளையிலிருந்து வந்தவை என்று பின்னால் தெளிவாகிவிட்டது. ஆனாலும், காய்வதையே வாழும் வழியாக்கிக்கொண்ட அந்த உடலமைப்பின் அருமை அதனால் குறையவில்லை.

குட்டை வற்றுவது இந்தப் பாசிகளுக்கு நாசம் அல்ல. தண்ணீர் நிரந்தரமாக நின்றால் மீன் வரும், ஆகாயத்தாமரை மூடும், முரட்டுப் பாசிகள் இடத்தைப் பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை காய்ந்து வெடிக்கும் குட்டையில் அந்தப் போட்டி கலைந்துபோகிறது. தடித்த சுவருள்ள உறக்க வித்துகளாக மண்ணில் கிடக்கும் வால்வாக்ஸ் போன்றவை, முதல் மழையில் மண்ணின் சத்து தண்ணீரில் கரையும்போது முந்திக்கொண்டு எழுகின்றன. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் சென்னைக்கு, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் ஆண்டு மழையின் பெரும்பங்கு கொட்டி, பிறகு மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும் இந்த ஊருக்கு, இதைவிடப் பொருத்தமான உயிர் கிடையாது.

அந்தக் குட்டைகள் பெரும்பாலும் போய்விட்டன. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி, ஒரு காலத்தில் படகுப் போட்டி நடந்த நீர்ப்பரப்பு. 1923 வாக்கில் மாம்பலம் பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் ஏரியைக் காணோம், லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது. ஏரி போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஏரிக்கும் வயலுக்கும் இடையில் கிடந்த பெயரில்லாக் குட்டைகள் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவை எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை.

மழை பெய்தால் இன்றும் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. ஆனால் தேங்குவது தார் மேலும் சிமெண்டு மேலும். அடியில் வண்டல் கிடையாது, அதில் உறங்கும் வித்தும் கிடையாது. சாக்கடை கலந்திருக்கும்; இரண்டு நாளில் மோட்டார் வைத்து இறைத்துவிடுவோம். இறைக்காவிட்டால் கொசு, அதனால் இறைப்பதும் சரிதான். மொத்தத்தில், எப்போதும் ஈரமாக இருக்கும் இடம், மழை நாள் தவிர எப்போதும் காய்ந்திருக்கும் இடம் என்று நகரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நனைந்து, நிதானமாக உலரும் இடைநிலம் நடுவிலிருந்து காணாமல் போனது. சென்னைப் பாசிகளின் கதையில் எனக்கு மிகவும் உறைப்பது இதுதான்.

எப்போதும் ஈரமாக இருக்கும் பக்கம் யார் வசிக்கிறார்கள் என்பதில் மர்மம் இல்லை. அமெரிக்கப் பாசியியலாளர் பால்மர் 1969இல் கழிவைத் தாங்கும் பாசிகளுக்கு வரிசை போட்டார். முதலிடம் யூக்ளினா, அடுத்து ஆசிலடோரியா. உலகத்தில் எந்த ஊர்ச் சாக்கடையிலும் இந்தக் கூட்டத்தை எதிர்பார்க்கலாம். தெப்பக்குளத்தில் பச்சை பெயிண்டைக் கரைத்து ஊற்றியதுபோலத் தண்ணீர் திரண்டு நின்றால், பெரும்பாலும் அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியின் வேலை. தேங்கிய நீர், வெதுவெதுப்பு, தண்ணீரில் பாஸ்பரஸ் ஆகிய மூன்றும் கூடினால் அது பெருகும். செல்லுக்குள் இருக்கும் காற்றுப் பைகளால் மேலே மிதந்து வெளிச்சத்தை மறைத்து, கீழே இருப்பவற்றைப் பட்டினி போடும். அதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. பச்சையாக நிற்கும் குளத்தில் குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.

சுவர்களுக்கு வருவோம். தண்ணீரைவிடச் சுவரில்தான் தட்பவெப்பத்தின் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஃபிரிட்சியெல்லா யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த ஆங்கிலேயப் பாசியியலாளர் எஃப்.இ. ஃபிரிட்ச், இலங்கையில் சேகரித்தவற்றை வைத்து 1907இல் வெப்பமண்டலப் பாசிகளைப் பற்றி எழுதினார். தன் நாட்டில் மரத்திலும் சுவரிலும் பச்சைத் தூளாகப் படியும் பாசிகளின் இடத்தில், இங்கே நீலப்பச்சைப் பாசிகள் கோலோச்சுவதை அவர் எடுத்துக்காட்டினார். நம் மதில்களின் கறுப்புக்குக் காரணம் அதுதான். அழுக்கு, புகை என்று நாம் நினைக்கும் அந்தக் கறையில் பெரும்பங்கு உயிருள்ள பாசிப் படலம். கையால் தேய்த்தால் கரிபோல உதிரும். ஒரு துணுக்கைச் சுரண்டித் தண்ணீரில் போட்டுச் சில மணி நேரம் கழித்து லென்ஸில் பாருங்கள். மஞ்சள்பழுப்பு உறைக்குள் நீலப்பச்சை இழைகள் உப்பி நிற்கும். அந்த உறையில் இருப்பது ஸைட்டோனெமின் என்ற நிறமி. புறஊதாக் கதிரைத் தடுக்கும் குடை அது. உறையின் பசை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கைவைக்க முடியாத சித்திரை வெயிலில் செத்ததுபோல் கிடந்து, மழை பட்டதும் எழுந்துகொள்ளும்.

மதிலின் எந்தப் பக்கம் கறுக்கிறது என்பதிலும் கணக்கு இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று மழையை வடக்கு, கிழக்குச் சுவர்களில் அறைகிறது. அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்குச் சுவர் வெயில் காணாமல் ஊறிக் கிடக்கும். சென்னை 13 பாகை அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கமாக விழுகிறது. ஆக, மார்கழியில் ஊறிய அதே சுவர் ஆனியில் வெந்து போகிறது. லண்டனில் வடக்குச் சுவருக்கு இந்தச் சோதனை வருவதில்லை.

லண்டனில் பாசியின் விதியை வேறொன்று தீர்மானித்தது, நிலக்கரிப் புகை. கந்தக டையாக்சைடு மிகுந்த காலத்தில் பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் லைக்கன்கள் மரப்பட்டைகளிலிருந்து அழிந்தன. டெஸ்மோகாக்கஸ் என்ற பச்சைத் தூள்பாசி தாக்குப் பிடித்தது. 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற ஆய்வாளர்கள் லைக்கன்களை வைத்துக் காற்று மாசை அளக்க ஓர் அளவுகோல் வகுத்தார்கள். அதில் மாசு மிகுந்த படிகளில் மிஞ்சியிருப்பது மரத்தடியில் ஒட்டிய இந்தப் பாசிதான். 1952இல் லண்டனை மூடிய நச்சுப் புகைப்பனிக்குப் பிறகு 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகை குறையக் குறைய லைக்கன்கள் திரும்பின. இப்போது நெதர்லாந்தில் டிரென்டிபோலியா என்ற வெப்பம் விரும்பும் ஆரஞ்சுப் பாசியைத் துணையாகக் கொண்ட லைக்கன்கள் பெருகுவதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். புவி சூடாவதன் அடையாளம் இது என்பது அவர்கள் முடிவு. அந்தப் பாசி நமக்கும் பழக்கமானதுதான். 2001இல் கேரளத்தில் பெய்த சிவப்பு மழைக்கு அதன் வித்துகளையே அரசு ஆய்வு நிறுவனங்கள் காரணம் காட்டின.

சென்னை வீடுகளின் பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. ஈரத்தை உறிஞ்சி மெதுவாக விடும். அதனால் பாசிக்குப் பிடிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது புதுச் சுண்ணாம்பின் காரம் பாசியைப் பொசுக்கிவிடும். அது ஓர் ஆண்டுக் கணக்கு, பருவத்தோடு ஒத்துப்போன கணக்கு. இப்போதைய சிமெண்டுச் சுவரிலும் தொடக்கத்தில் காரம் மிகுதி. காற்றிலுள்ள கரியமில வாயு பட்டுப்பட்டு அது தணிந்த பிறகு பாசி குடியேறும். அதைத் தடுக்க, பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்கிறோம். அதிலுள்ள பாசிக்கொல்லி மழையில் சிறிது சிறிதாகக் கழுவப்பட்டு வடிகாலுக்குப் போகிறது. ஐரோப்பிய நகரங்களில் மழைநீரில் இதை அளந்து கவலைப்படுகிறார்கள். நாமும் கவலைப்பட வேண்டும்.

இதற்கிடையே இதுவரை இல்லாத ஒரு வாழிடம் முளைத்திருக்கிறது. அடுக்குமாடியின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். ஏ.சி. குழாய் சொட்டும் இடத்துக்குக் கீழே சுவரில் ஒரு முழ அகலத்துக்குப் பளிச்சென்ற பச்சைத் தடம், சுற்றிலும் காய்ந்த கறுப்பு. புழுக்கம் கூடக் கூட அந்தக் குழாயில் தண்ணீர் அதிகம் வரும். ஆகவே அக்னி நட்சத்திரத்தில், ஊரே வறளும்போது, அங்கே மட்டும் மழைக்காலம். ஒரே சுவரில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு தட்பவெப்பம்! இதை ஒரு மாணவர் ஆண்டு முழுக்கக் கவனித்து எழுதினால் அருமையான ஆய்வாகும்.

பழைய குட்டைப் பாசிகளும் அடியோடு போயிருக்க வேண்டியதில்லை. கிண்டி தேசியப் பூங்காவின் குட்டைகளும், 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பும், மண் தரையோடு இருக்கும் சில கோயில் குளங்களும் மிச்சம் இருக்கின்றன. ஒப்பிடத் தேவையான நூல்களும் கையில் உள்ளன. பாசியியலாளர் டி.வி. தேசிகாச்சாரியின் நீலப்பச்சைப் பாசி நூல் 1959இல் வந்தது. ஐயங்காரும் அவரும் எழுதிய வால்வாக்ஸ் வகை நூல், ஐயங்கார் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து 1981இல் வந்தது. ஆவணியில் காய்ந்த வண்டலை ஒரு கைப்பிடி எடுத்து, கண்ணாடித் தட்டில் பரப்பி, மழைநீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்தால் போதும். உறக்க வித்துகள் இருந்தால் எழுந்துவிடும். நகரத்தின் கல்லூரிகள் ஒவ்வொன்றும் பக்கத்திலுள்ள ஒரு குளத்து மண்ணை ஆண்டுதோறும் இப்படிச் சோதித்துக் குறித்துவைத்தால், 2015 போன்ற வெள்ளத்துக்கும் 2019 போன்ற வறட்சிக்கும் பிறகு எவை தப்பின, எவை போயின என்ற பட்டியல் பத்து ஆண்டுகளில் நம்மிடம் இருக்கும்.