வீடு கட்டுவது யார்?

முகப்பேர் என்னும் பெயர் ‘மகப்பேறு’ என்பதன் திரிபு என்று உள்ளூர்ப் பெரியோர் சொல்லுவதுண்டு. அவ்வூரின் வீடுகளும் குழந்தைகளைப் போலவே சிறுகச் சிறுக வளர்ந்தவை. அந்த வரலாற்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றி, ஏழைகளுக்கு மாடிக் கட்டிடங்கள் எழுப்பத் தொடங்கியது. நல்ல எண்ணந்தான். ஆனால் பட்டணத்துக்கு வரும் ஜனங்களுக்கெல்லாம் வீடு கட்டித் தர எந்த ஸர்க்காரின் பொக்கிஷத்தால் இயலும்? ஆகவே 1977-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் வேறொரு யோசனை சென்னையில் கைக்கொள்ளப்பட்டது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முதலிலும், 1980-களில் முகப்பேரிலும் அது நடைபெற்றது.

யோசனை மிக எளியது. ஸர்க்கார் நிலத்தை மனைகளாகப் பிரித்து, சாலை, குடிநீர், சாக்கடை, விளக்கு ஆகியவற்றை அமைத்துக் கொடுக்கும். வீட்டைக் கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. கையில் பணம் சேர்ந்தபோது ஓர் அறை. மகனுக்குக் கல்யாணமானால் மாடியில் இன்னோர் அறை! பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தால் ஏழையின் மனை விலை குறைக்கப்பட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அருகிலேயே இருந்தது.

பெரு தேசத்து லிமா நகரில் ஏழைகள் தாமே வீடு கட்டிக்கொண்டதை 1950-களில் கண்ட ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேயச் சிற்பி, இதே வழியை உலகுக்கு எடுத்துரைத்தார். இந்தூரில் பாலகிருஷ்ண தோஷி அமைத்த ‘அரண்யா’ குடியிருப்பு இம்முறையைத் தழுவியதே. அதற்கு 1995-இல் ஆகா கான் பரிசு கிடைத்தது.

பின்னர் நாம் இவ்வழியை விட்டு விலகினோம். 2000-க்குப் பிறகு நகரத்து ஏழைகள் தொலைவிலுள்ள கண்ணகி நகருக்கும், பெரும்பாக்கத்து எட்டடுக்கு மாடிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கூரை கிடைத்தது, ஆனால் பிழைப்பு தூரமாயிற்று. வீட்டு வேலை செய்து வந்த பெண்களில் பலர் அந்த வேலையை இழந்தனர். மேல் மாடியில் இருப்பவர் மகனுக்கென்று ஓர் அறை சேர்க்க முடியுமா?

முகப்பேரிலும் இன்று பழைய வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுகின்றன. மதில்வரை சிமெண்டு பூசினால் மழைநீர் எங்கே போகும்? மழைநீர்ச் சேகரிப்பை 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியது. 2015-ஆம் வருஷத்து வெள்ளத்தையும் நாம் மறந்துவிடவில்லை.

ஆகவே வீடு கட்டுவோரை வேண்டிக்கொள்கிறோம்: ஒரு மரத்துக்கும் ஒரு திண்ணைக்கும் இடம் விடுங்கள். ஸர்க்காரை வேண்டுவது ஒன்றே: வேலைக்கு அருகில் ஏழைக்கு நிலம் தாருங்கள், வீட்டை அவன் கட்டிக்கொள்வான்.