மவுஸ் மீது பழி போடுமுன்

கம்பியில்லா ஹெட்போனில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது. அதே நேரத்தில் திரையில் மவுஸின் அம்புக்குறி தத்தித் தத்தி நகர்கிறது. இரண்டு கோளாறும் சேர்ந்தே வருவதால், இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கின்றன என்று முடிவுகட்டி, ஏதாவது ஒன்றை மாற்றக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. புதிதாக வாங்கி வந்தபின்பும் தொல்லை தீராமல் போகலாம். ஏனென்றால், பல சமயங்களில் இந்த இரண்டுமே பாதிக்கப்பட்ட தரப்புகள்தான். கோளாறின் ஊற்று மூன்றாவது ஒன்று. அது கணினியில் மவுஸின் ரிசீவர் செருகியிருக்கும் யுஎஸ்பி துளைக்குப் பக்கத்துத் துளையிலேயே இருக்கக்கூடும்.

மவுஸும் ஹெட்போனும் ஒரே அலைவரிசைப் பகுதியில் குடியிருக்கின்றன என்பது உண்மை. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்தப் பகுதியைக் குறைந்த சக்தியுள்ள கருவிகள் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம். இந்தியாவில் 2005-இல் இதற்கு விதி வந்தது. வைஃபையும் அங்கேதான், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான். ஆனால் இந்த நெரிசலை எதிர்பார்த்துத்தான் இக்கருவிகளை வடிவமைத்திருக்கிறார்கள். ஹெட்போனுக்கு ஒலியைக் கொண்டுவரும் வழக்கமான புளூடூத், அந்தப் பகுதியை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு நொடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது. எந்தத் தடத்தில் அடிக்கடி இடறுகிறது என்று பார்த்து அதை ஒதுக்கிவிடும் வசதி 2003-இல் வந்த 1.2 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. மவுஸோ எவ்வளவு நகர்ந்தது, எந்தப் பொத்தான் அழுந்தியது என்ற சில பைட் தகவலை மட்டும் நொடிப்பொழுதில் அனுப்பிவிட்டு ஓய்கிறது. இப்படிப்பட்ட இரண்டு கருவிகள் மோதிக்கொண்டே இருக்கும் என்று நம்புவது கடினம்.

அப்படியானால் வேறு எது? இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை யுஎஸ்பி 3.0-ஐக் கைகாட்டியது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடும்போது இணைப்பிலிருந்தும் கேபிளிலிருந்தும் செருகிய கருவியிலிருந்தும் மின்காந்த இரைச்சல் கசிகிறது, அது 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரை பரவி நிற்கிறது. அருகில் உள்ள ஆன்டெனாவுக்கு அடிப்படை இரைச்சல் 20 டெசிபல் அளவுக்குக்கூட உயரலாம் என்று அளந்து காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. தடம் மாறும் சாமர்த்தியம் இங்கே உதவாது. ஒரு சில தடங்களை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பவனிடமிருந்து விலகி ஓடலாம். இரைச்சல் எல்லாத் தடங்களிலும் இருந்தால் எங்கே ஓடுவது? பக்கத்தில் மிக்ஸி ஓடும்போது குரலை மாற்றி மாற்றிப் பேசிப் பார்ப்பதைப் போன்றதுதான். வெளி ஹார்டு டிஸ்கில் கோப்பு ஏறும்போது மட்டும் மவுஸ் தடுமாறுகிறதென்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ரிசீவர் விரற்கடை தூரத்தில் இருக்கிறதே!

“மவுஸின் ரிசீவரைப் பிடுங்கினால் ஹெட்போன் சரியாகிவிடுகிறதே, பிறகென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நொடிக்கு 1000 முறை தகவல் அனுப்பும் கேமிங் மவுஸும், தனி ரிசீவரோடு வரும் ஹெட்போனும் அடுத்தடுத்த துளைகளில் இருந்தால் ஒன்று மற்றதை உண்மையாகவே அமுக்கக்கூடும். ஆனால் பிடுங்கிப் பார்ப்பது பாதிச் சோதனைதான். அதே ரிசீவரை மடிக்கணினியின் மறுபக்கத்துத் துளையிலோ, ஒரு முழ எக்ஸ்டென்ஷன் கேபிளின் நுனியிலோ செருகிப் பார்க்க வேண்டும். தொல்லை தீர்ந்தால், கெட்டது மவுஸ் அல்ல, அது இருந்த இடம். கேபிள் பழைய யுஎஸ்பி 2.0 ஆக இருந்தாலே போதும். மவுஸுக்கு அதற்குமேல் வேகம் தேவையில்லை. மேசைக்கடியில் சிபியு பெட்டியின் பின்புறம் ரிசீவர் செருகியிருந்தால் நடுவில் இரும்புத் தகடும் மறைக்கிறது. அங்கே இந்தக் கேபிளுக்கு இரட்டை வேலை.

இடம் மாற்றியும் ஹெட்போன் விக்கினால் வைஃபையைப் பார்க்க வேண்டும். பல மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் இருக்கின்றன; ஆன்டெனாவைக்கூடப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெரிய கோப்பு இறங்கும்போது ஒலிக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிவிடலாம். வைஃபையை அணைத்துவிட்டுக் கணினியில் சேமித்த பாட்டைப் போட்டுப் பார்த்தால் உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வீடியோ அழைப்பு தொடங்கியதும் குரல் தகர டப்பாவிலிருந்து வருவதுபோல் ஆவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மைக்கை இயக்க ஹெட்போன் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறுகிறது. அதில் எந்தக் கருவியின் குறுக்கீடும் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு, கம்பி வைத்ததையே வாங்கினால் என்ன என்பவர்களுக்கு: ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கும், தாமதம் பொறுக்காத இசைக் கலைஞர்களுக்கும் கம்பி ஹெட்போன்தான் சரி, அதில் வாதமில்லை. ஆனால் மவுஸுக்கு மட்டும் கம்பி போட்டுவிட்டு, ஹார்டு டிஸ்கைப் பழைய இடத்திலேயே விட்டால், மடிக்கணினிக்குள் இருக்கும் புளூடூத் ஆன்டெனாவின் காதிலும் அதே இரைச்சல் விழலாம். அம்புக்குறி ஒழுங்காக ஓடும். பாட்டு மட்டும் முன்போலவே அறுந்து அறுந்து கேட்கும்.