உங்களுக்குத் தெரியுமா? ராத்திரி வார்டில் எத்தனை நர்ஸ்?

சங்கரன்கோவில் பக்கம் கேஸ் சிக்கலாகிவிட்டால் ‘ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போங்க’ என்பார்கள். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் அது. 50 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் போய்ப் பிழைப்பதற்கு, உடம்பு மோசமாவதை நேரத்தோடு கண்டுபிடித்திருக்க வேண்டும். முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வார்டு நர்ஸ்தான்.

பிரசவம் ஆன முதல் 2 மணி நேரத்தில், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தாயின் நாடி, பி.பி., ரத்தப்போக்கு, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு தாய்க்கே 8 தடவை. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கு வலி முற்றிவிட்டால், இருக்கிற ஒரே நர்ஸ் யாரிடம் நிற்பார்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிண்டா ஐக்கன் குழு 168 மருத்துவமனைகளில் 2,32,342 அறுவை சிகிச்சை நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. 2014-இல் வெளியான, ஐரோப்பாவின் 9 நாடுகள் பற்றிய ஆய்விலும் அதே 7 சதவீதம்!

கலிபோர்னியாவில் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது சட்டம். இந்திய நர்சிங் கவுன்சிலும் பொது மருத்துவமனைக்கு 5-க்கு 1 என்றே சொல்கிறது. ஆனால் இங்கே அது வெறும் அளவுகோல். சட்டமாக்கியே தீர வேண்டும்.

ஒரு வார்டில் 24 மணி நேரமும் ஒரு நர்ஸ் இருக்க எத்தனை பேரைப் போட வேண்டும்? நாளுக்கு 3 ஷிஃப்ட், வாரத்துக்கு 21. வார விடுப்பு போக ஒருவர் பார்ப்பது 6. ஆக மூன்றரைப் பேர்! காய்ச்சல், மகப்பேறு விடுப்பையும் சேர்த்தால் 4 பேர்கூடப் போதாது. வருகைப் பதிவேட்டில் 4 பெயர் இருந்தாலும், நைட் டியூட்டியில் நிற்பது ஒருவர்தான்.

இந்தக் கணக்குக்குக் குறைவுதான் என்றாலும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா 3 ஸ்டாஃப் நர்ஸைப் போட்டு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது தமிழ்நாடு. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு (2001-03), 54 ஆகக் குறைந்தது (2018-20). 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நடுராத்திரி 2 மணிக்கு வலியோடு போனால் அங்கே ஆள் இருந்தார் என்பதை நான் முதலில் வைப்பேன்.

இப்படி உயிர் காக்கும் நர்ஸுகளுக்கு என்ன கிடைத்தது? 2015-இல் மாநில அரசு ஆயிரக்கணக்கான நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். 2 ஆண்டு கடந்தும் நிரந்தரமாக்கவில்லை என்று 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள்.