இதயத்துக்கு வைட்டமின் டி காவலா?

ரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கு மாரடைப்பும் சர்க்கரை நோயும் அதிகம் வருகின்றன என்பது பொய்யில்லை. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 1,739 பேரைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட முடிவு இது: மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் ஆபத்து சுமார் 60 சதவீதம் கூடுதல். அப்படியானால் மாத்திரை போட்டு அளவை ஏற்றினால் இதயம் தப்பிக்குமே என்று தோன்றும். ஆனால் குறைவு நோயைக் கொண்டுவருகிறதா, அல்லது நோய்க்கு வழிவிடும் வாழ்க்கைதான் குறைவையும் கொண்டுவருகிறதா? வெயிலில் நடமாடாதவர், நெடுநாள் நோயாளி, முதியவர் ஆகியோருக்கு இந்த வைட்டமின் குறைவாகவே இருக்கும். உடல் பருத்தவர்களுக்கும் அப்படித்தான். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் அது கொழுப்புத் திசுவுக்குள் போய்விடுகிறது. மாரடைப்பு தேடி வருவதும் பெரும்பாலும் இவர்களைத்தான்.

இந்தச் சிக்கலை அவிழ்க்க, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு 25,871 பேரிடம் அதைச் செய்தது. தினம் 2,000 யூனிட், ஐந்து ஆண்டுகளுக்கு மேல். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. நியூசிலாந்தில் மாதம் ஒரு லட்சம் யூனிட் கொடுத்தும் அதே கதைதான். ‘அவர்களில் பலருக்குக் குறைபாடே இல்லையே, நிறைந்த குடத்தில் ஊற்றி என்ன பயன்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இரு ஆய்வுகளிலும் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோதும் இதயத்துக்குப் பலன் தெரியவில்லை. மிகக் கடுமையான குறைபாடு உள்ளவர்கள் இவற்றில் குறைவு என்பதால், அந்தக் கதவு மட்டும் முழுதாக மூடவில்லை.

சர்க்கரை நோய் விஷயத்தில் நிலைமை சற்று வேறு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்களிடம் நடத்திய மூன்று ஆய்வுகளை 2023-ல் சேர்த்துப் பார்த்தபோது, வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 15 சதவீதம் குறைந்திருந்தது. இது ஆறுதல்தான். ஆனால் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மட்டுமே அந்த வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. என் கணக்கில் முதலிடம் நடைக்குத்தான்.

எலும்புக்கு வைட்டமின் டி வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதற்காக எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் பொட்டலத்தை, பழைய சீட்டைக் காட்டி வாங்கி வருஷக்கணக்கில் பாலில் கலக்கிக் குடிக்காதீர்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். வைட்டமின் டியை நம்பி பிரஷர் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.