பப்ஸைத் தூக்கி நிறுத்துவது எது?

மாலை நாலு மணிக்கு பேக்கரியில் சுடச்சுட ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கடித்தால் சட்டையெல்லாம் செதில் உதிரும். அந்த மாவில் ஈஸ்ட் கிடையாது, சோடா உப்பும் கிடையாது. மைதா, உப்பு, தண்ணீர், கொழுப்பு, அவ்வளவுதான். பிறகு எப்படி அத்தனை உயரம் எழும்புகிறது?

தண்ணீரால்தான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் இடத்தை அடைக்கும். வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் உண்டு. 200 கிராம் வெண்ணெய்க்குள் மட்டும் சுமார் 50 லிட்டர் நீராவி ஒளிந்திருக்கிறது! மாவில் ஊற்றிப் பிசைந்த தண்ணீர் தனிக்கணக்கு.

அந்த ஆவி மாவைத் தூக்க வேண்டுமானால் அது முட்டி மோத அடுக்குகள் வேண்டும். 250 கிராம் மைதாவில் அரை ஸ்பூன் உப்பு போட்டு, 125 மில்லி ஜில் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதைத் தேய்த்து, நடுவில் 200 கிராம் வெண்ணெயைப் பலகைபோலத் தட்டி வைத்து மூடுங்கள். நீளவாக்கில் தேய்த்து மூன்றாக மடித்தால் வெண்ணெய் மூன்று அடுக்கு. திரும்பத் தேய்த்து மடித்தால் ஒன்பது. நான்காவது மடிப்பில் 81. கடைசியில் நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கும்போது ஒவ்வொரு அடுக்கும் தலைமுடியைவிட மெல்லியதாகிவிடும். ஓவனில் கொழுப்பு அடுக்குகளை ஒட்டவிடாமல் பிரிக்கிறது, ஆவி அவற்றை மேலே தள்ளுகிறது, மைதாவின் குளூட்டன் கிழியாமல் இழுபட்டுக் கொடுக்கிறது. சூடு ஏற ஏற மாவு அப்படியே இறுகி மொறுமொறுப்பாகிறது.

இதைக் கெடுப்பது நம் ஊர் வெயில். வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். மே மாதச் சமையலறையும் அதே சூடுதான். நான் முதலில் செய்தது ஒரு மே மாத மதியம்; இரண்டாவது மடிப்பிலேயே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டது. அடுக்கே இல்லை, பிஸ்கட் மாதிரிதான் வந்தது. இப்போது விடியற்காலையில் ஆரம்பிக்கிறேன். மேடைமேல் ஐஸ் தட்டை வைத்துக் குளிர்வித்துத் துடைத்துவிட்டுத் தேய்க்கிறேன். இரண்டு மடிப்புக்கு ஒருமுறை மாவு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குப் போகும். வெண்ணெய் இறுகும், குளூட்டனும் தளரும். அப்போதுதான் மாவு கட்டைக்குக் கீழே சுருண்டுகொள்ளாது.

வெங்காய மசாலா ஈரமில்லாமல் சுருண்டு, நன்றாக ஆறியிருக்க வேண்டும். மாவைக் கூர்மையான கத்தியால் ஒரே அழுத்தில் சதுரமாக வெட்டுங்கள். மழுங்கிய கத்தி ஓரத்தை நசுக்கி அடுக்குகளை ஒட்டவைத்துவிடும். மசாலாவும் அரை முட்டையும் வைத்து மடித்தபின், அடித்த முட்டையை மேலே மட்டும் தடவுங்கள். வெட்டிய ஓரத்தில் வழிந்தால் அது பசையாகி, அந்தப் பக்கம் எழும்பாது. முன்பே 200 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 25 நிமிடம். முதல் கால் மணி நேரம் கதவைத் திறக்கவே வேண்டாம்.

பல பேக்கரிகளில் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போடுவார்கள். வெயிலிலும் உருகாது என்பதால் தேய்ப்பது சுலபம். ஆனால் உடல் சூட்டிலும் முழுக்க உருகாததால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். வீட்டில் செய்வதென்றால் வெண்ணெயிலேயே செய்யுங்கள். செய்ததைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். வைத்திருந்தால் மசாலாவின் ஈரம் அடுக்குகளில் ஏறிவிடும்.