மாட்டின் நாக்கில் வெள்ளைக் கொப்புளமா? கன்றை முதலில் பிரித்துக் கட்டுங்கள்

‘மாடு தீவனம் எடுக்கவில்லை, நாக்கில் வெள்ளை வெள்ளையாக ஏதோ இருக்கிறது’. பயிருக்கு யோசனை கேட்டு வரும் விவசாயிகள் பலர் என்னிடம் இதையும் கேட்பதுண்டு. நாக்கில் தெரியும் வெள்ளைப் புடைப்பெல்லாம் நோயல்ல. எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்தறிவதுதான் முக்கியம்.

இயல்பானது எது?

மாட்டின் நாக்கு அரம்போல் சொரசொரப்பானது. கன்னத்தின் உட்புறம் கூம்பு வடிவ முட்கள் வரிசையாக இருக்கும். வாய்க்குள் போன புல் வெளியே நழுவாமல் இருக்க இயற்கை தந்த அமைப்பு இது. மாடு நன்றாகத் தின்று அசைபோட்டால் கவலை வேண்டாம். இவற்றைச் சுரண்டுவதோ உப்புப் போட்டுத் தேய்ப்பதோ கூடாது.

கோமாரியின் அடையாளம்

நாக்கு, ஈறு, மேலண்ணத்தில் நீர் கோத்த வெளிறிய கொப்புளங்கள் தோன்றும். ஓரிரு நாளில் அவை உடைந்து சிவந்த புண்ணாகும். கடும் காய்ச்சல், நூல்போல் ஒழுகும் எச்சில், குளம்பிடுக்கில் புண், நொண்டல் ஆகியவையும் சேர்ந்தால் கோமாரி என்றே சந்தேகப்பட வேண்டும். இது வைரஸ் நோய் என்பதால் நேரடி மருந்து கிடையாது. புண்ணில் பாக்டீரியா தொற்றாமல் தடுக்கவே கால்நடை மருத்துவர் ஊசி போடுவார்.

வாய்ப்புண்ணுக்கு

ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து வாயைக் கழுவலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மூலிகை மருந்தும் கைகொடுக்கும். சீரகம், வெந்தயம், மிளகு தலா 10 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். மஞ்சள் தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயின் துருவலைக் கலந்து, நாக்கிலும் அண்ணத்திலும் தினம் மூன்று வேளை தடவ வேண்டும். புண் உள்ள மாட்டுக்கு மருந்தையோ கஞ்சியையோ வலுக்கட்டாயமாக ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். வைக்கோல் புண்ணைக் குத்தும். இளம்புல்லை நறுக்கிப் போட்டு, கம்பு அல்லது கேழ்வரகுக் கூழை ஆறவைத்துத் தொட்டியில் வையுங்கள்.

கன்று கவனம்

பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பால் குடிக்கும் கன்று அப்படியல்ல. வைரஸ் அதன் இதயத் தசையைத் தாக்கினால், நாக்கில் ஒரு கொப்புளம்கூடத் தெரியாமல் திடீரென்று இறந்துவிடும். எனவே தாய்க்குச் சந்தேகம் வந்த அன்றே கன்றைப் பிரித்து, நலமான மாட்டின் பாலையோ, காய்ச்சி ஆறவைத்த பாலையோ கொடுங்கள்.

பரவாமல் தடுக்க

நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறந்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்த நீரால் தொழுவத்தைக் கழுவலாம். தின்று மிஞ்சிய தீவனத்தை மற்ற மாடுகளுக்குப் போடாதீர்கள். மேய்ச்சலுக்கோ சந்தைக்கோ ஓட்டிச் செல்லவும் கூடாது. புதிதாக வாங்கிய மாட்டை 3 வாரம் தனியே கட்டுங்கள்.

2019-ல் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரித் தடுப்பூசி இலவசம். கன்றுக்கு 4 மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என்று தவறாமல் போடுங்கள். ‘ஊசி போட்டால் பால் குறையும்’ என்று தட்டிக் கழிப்பவர்கள் உண்டு. அந்தக் குறைவு சில நாள்தான். கோமாரி வந்தால் அந்த ஈற்றின் பாலே போய்விடும்.

அறிகுறி தெரிந்ததும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணை அழையுங்கள்.