து ஃபூ வீட்டுக் கொல்லைப்புறம்

சீனக் கவிதைக்குள் முன்வாசல் வழியாகப் போனால் மரம் செடியெல்லாம் ஒப்பனையோடு நிற்கும். பனியிலும் பசுமை மாறாத பைன் நெஞ்சுரம். மூங்கில் நேர்மை. பீச் பூ வசந்தம், புது மணப்பெண். அந்த வாசல் எப்போதும் திறந்திருப்பதுதான், பிறகு பார்க்கலாம். இன்று கொல்லைப் படல் திறந்திருக்கிறது, வாருங்கள்! திறந்துவிட்டிருப்பது கவிஞர் து ஃபூவே, தம் கவிதைகளால்.

ஆண்டு 760. செங்டு நகரின் மேற்குப் புறத்தில் ஹுவான்ஹுவா ஓடைக்கரை. பார்த்து நடங்கள், காலெல்லாம் சேறு. 755இல் மூண்ட ஆன் லுஷான் கலகம் ஊர் ஊராக விரட்ட, மனைவி மக்களோடு இங்கே வந்து சேர்ந்தவர் இந்தக் கவிஞர். வயது ஐம்பதை நெருங்குகிறது, உடம்பும் சரியில்லை. குடிசை போடப் பணம் தந்தவர் உறவுக்காரத் தம்பி ஒருவர். கூரை ஏறிவிட்டது, ஆனால் சுற்றிலும் பெரும்பகுதி மொட்டைத் தரை.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தால் உங்களுக்கும் குதூகலம் பொங்கும். உறைமோர் கேட்கிற உரிமையோடு, தெரிந்த அதிகாரிகளுக்கெல்லாம் கவிதையிலேயே கன்று கேட்டு எழுதுகிறார்! ஒருவரிடம் பீச் கன்று. ஒன்று இரண்டல்ல, நூறு! அதுவும் வசந்தத்துக்கு முன்பே வந்தாக வேண்டுமாம். இன்னொருவரிடம் மியன்ஷூ ஊர் மூங்கில். மூன்றே ஆண்டில் வளர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டு, ஓடைக்கரை நிழலுக்கு ஆல்டர் மரம் வேண்டி வேறொருவருக்கு ஒரு கவிதை. வேய் பான் என்பவரிடம் பைன் கன்று கேட்கிறார். கேட்பது சில அங்குலக் கன்று, மனத்தில் இருப்பதோ ஆயிரம் ஆண்டு நிழல். அதோடு விடவில்லை, வேயிடமே தாயி ஊர்ப் பீங்கான் கிண்ணமும் கேட்டுவிடுகிறார். எனக்கு இவர்மேல் அன்பு பெருகியது இந்தக் கிண்ணத்தில்தான்.

இந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள், கோடை வந்துவிட்டது. மனைவி காகிதத்தில் கட்டம் கிழித்து ஆட்டப்பலகை செய்கிறார். சின்னப் பையன் ஊசியைத் தட்டி வளைத்துத் தூண்டில்முள் ஆக்குகிறான். கவிஞருக்கு வேண்டியதெல்லாம் மருந்துதான்.

761இல் கொல்லை கலவரப்படுகிறது. இங்கே குடியேறியதே ஒரு பெரிய நன்மூ மரத்தை நம்பித்தான். புயல் அதை வேரோடு சாய்க்கிறது. இலையுதிர்காலக் காற்று கூரைப் புல்லைப் பிய்த்து வீச, பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் கோலூன்றியபடி கத்திக் கத்தித் தொண்டை வறண்டு திரும்புகிறார். நோயுற்ற மரங்களைப் பற்றி நான்கு கவிதைகளும் எழுதினார். அவற்றில் ஒன்றின் முன் கொஞ்சம் நில்லுங்கள். படையின் தேவைக்காக மரங்களின் நாரை அளவின்றி உரித்து உரித்தே அவை பட்டுப்போகின்றன. அந்த மரத்தில் அவர் கண்டது வரியால் உரிக்கப்படும் குடிமக்களை. பைனுக்கும் மூங்கிலுக்கும் பொருள் முன்னோர் தந்தது. இந்தப் பட்ட மரத்துக்குப் பொருள் கண்ணெதிரே, அப்போதே பிறக்கிறது. சீனக் கவிதையின் மேடைக்குப் பின்னால் நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான்.

762இல் மறுபடி கலகம், மறுபடி ஓட்டம். போன இடத்திலும் நினைப்பெல்லாம் நட்டுவைத்த நான்கு பைன்கள்மேல்தான். 764இல் திரும்பும் வழியில் ஒரு கவிதை: புதுப் பைன்கள் ஆயிரம் அடி வளரவில்லையே என்று ஏக்கம், தறிகெட்டு மண்டிய மூங்கிலைப் பதினாயிரமாக வெட்டித் தள்ளவேண்டும் என்று கோபம். மூங்கில் கேட்டுக் கவிதை அனுப்பிய அதே மனிதர்!

படலைத் தள்ளிக்கொண்டு நுழைகிறார். வேலி சிதைந்திருக்கிறது, இலைகள் மஞ்சளாகியிருக்கின்றன. ஆனால் நட்டபோது மூன்றடியே இருந்த பைன்கள் ஆள் உயரம் நிற்கின்றன! பழைய நாய் அவர் அங்கிக்குள் புகுந்து புகுந்து வருகிறது. அக்கம்பக்கத்தார் சுரைக்குடுவையில் மது வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.